முன்னால் நிற்கும் பூஜ்யம்

ஜனவரி 19, திங்கள்

பனி. ஏரி இருக்கும் இடமே தெரியவில்லை. பஸ் ஹெட்லைட் போட்டுக்கொண்டு ஊர்ந்தது. பின் சீட்டில் ஒரு ஆள் பொன்னேரி வரை ஃபோனில் மைத்துனனோடு சண்டை. அனுப்பம்பட்டு போய்ச் சேர்வதற்குள் முதல் மணி அடித்துவிட்டது. ஹெச்.எம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

ஒன்பதாம் வகுப்பு. முடிவுறா சுழல் தசமம். 1-ஐ 17-ஆல் வகுக்கச் சொன்னேன். பாதிப் பிள்ளைகள் ஏழெட்டு இலக்கத்தில் பேனாவை மூடிவிட்டார்கள். நானே போர்டில் போட்டேன்.

0588235294117647

பதினாறு இலக்கம். அதன் பிறகு திரும்பவும் 0588 என்று முதலிலிருந்து. கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி கேட்டாள்: "மிஸ், இது எப்ப முடியும்?"

"முடியாது."

"அப்ப யாரு மிஸ் நிறுத்தறது?"

"நாமதான்." மணி அடித்தது. நிறுத்தினேன்.

பஸ்ஸில் வரும்போது ஃபோனில் அந்த எண்ணை அடித்துப் பார்த்தேன். முன்னால் உள்ள பூஜ்யத்தை ஃபோன் வைத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. 588235294117647. பதினைந்துதான். அடிக்க அடிக்க விழுங்கிவிடுகிறது.

ஏன் 17 என்று வாயில் வந்தது? வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது. எங்கள் கோட்டைக்குப்பத்தில் மீன்பிடி முறைக்காரர்கள் பதினேழு பேர். முகத்துவாரத்தை ஒட்டிய இறால் துறையில் ஆளுக்கு ஒரு நாள் முறை. அன்று மத்தியானத்திலிருந்து மறுநாள் மத்தியானம் வரை அவன் மட்டும்தான் கம்பு நட்டு வலை கட்டலாம், முடிந்ததும் பிடுங்கிவிட வேண்டும். அதுதான் பாடு. பதினேழு பேரும் சுற்றி வந்ததும் திரும்ப முதல் ஆள். பதினேழில் ஒருவன் என் தம்பி தேசிங்கு. கார்த்திகை மழையில் முகத்துவாரத்தைத் தாண்டிப் போனவன். படகு கவிழ்ந்து கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை.

வாங்க வேண்டியது: நைனாவுக்கு மாத்திரை, கொசுவர்த்தி, சிவப்பு மை, தம்பி பெண்டாட்டி அஞ்சலை கைக்குப் போட ஏதாவது மருந்து. கையெல்லாம் கீறல். கேட்டால் "கிளிஞ்சல் அண்ணி" என்கிறாள்.

ஜனவரி 20, செவ்வாய்

வாடை அடிக்கிறது. நைனாவுக்கு இடுப்பு வலி. ஆபரேஷனுக்குப் பிறகு தண்ணீரில் கால் வைத்ததில்லை. குளிர் மட்டும் தவறாமல் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

சாயங்காலம் நாட்டார் வந்தார். ஊர்த் தலைவர், நைனாவுக்கு ஒன்றுவிட்ட மச்சான். டீ குடித்தார். பிறகு தொண்டையைச் செருமினார். வில்லங்கம்தான் என்று தெரிந்துவிட்டது.

"மாலா, வர்ற ஒண்ணாந்தேதி பாட்டுக்குச் சீட்டு போட்றோம். மொறக்காரங்க பேரெல்லாம் கம்ப்யூட்டர்ல அடிச்சிக் குடு. பதினாறு பேருக்கு."

"பதினேழு மாமா."

"தெரியாத மாரி பேசாத. அவன் பாட்டுல ரெண்டு தபா கம்பு நின்னுகினு இருந்துச்சி. வலயும் இல்ல, படவும் இல்ல, ஆளும் இல்ல. வெறுங் கம்பு. அவனுக்கு அடுத்த பாடு பழனிக்கு. அவன் எறங்கவே மாட்டேன்றான். ஊரே பேஜாரா கீது. பேர எடுத்துட்டு ஆவ வேண்டிய காரியத்த செஞ்சிட்டோம்னா அவனும் நிம்மதியா போய்ச் சேருவான்."

நைனா சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். உள்ளே அஞ்சலை வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். சத்தம் நின்றது.

"அஞ்சலைக்குக் கொயந்த குட்டி இல்ல. சின்ன வயசு. தோணிரேவுல அவங்க ஆத்தா ஊட்டுக்கு அனுப்பி வெச்சிரலாம். அவளுக்கும் நல்லது."

அவர் நல்ல மனசோடு சொன்னார். அதுதான் எரிச்சல். கெட்டவராக இருந்தால் வாசலைக் காட்டியிருப்பேன்.

பேரை எடுப்பது என்றால் என்ன என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆள் செத்துவிட்டான் என்று ஊர் ஒப்புக்கொள்வது. பதினாறாம் நாள் காரியம் இன்னும் செய்யவில்லை, செய்வார்கள். அஞ்சலை கழுத்தில் இருப்பதைக் கழற்றுவார்கள். அவள் போய்விடுவாள். இந்த வீட்டில் நானும் நைனாவும் சுவரும்.

அவர் போன பிறகு வெங்காயம் அரியும் சத்தம் திரும்பக் கேட்டது. வேகமாக.

ஜனவரி 22, வியாழன்

லேப்டாப்பைத் திறந்து பதினாறு பேர் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். பதினாறு வரி. தேசிங்கு இல்லை. பத்து நிமிஷம் பார்த்தேன். மூடிவிட்டேன்.

1-ஐ 16-ஆல் வகுத்தால் 0.0625. அவ்வளவுதான். நாலு இலக்கம், மீதி இல்லை, சுத்தமாக முடிந்துவிடுகிறது. காரியம் முடிந்த வீடு. 17-ஆல் வகுத்தால் மீதி நின்றுகொண்டே இருக்கும். யாரோ ஒருவர் எப்போதும் வெளியே நிற்கிறார்.

தூக்கம் வராததற்கு என் மருந்து பெருக்கல். சின்ன வயதிலிருந்தே. படுத்தபடி மனதில் போட்டேன், விடிந்ததும் தாளில் சரி பார்த்தேன்.

ஒரு மடங்கு 0588235294117647
இரு மடங்கு 1176470588235294
மூன்று மடங்கு 1764705882352941
நான்கு மடங்கு 2352941176470588

எந்த இலக்கமும் புதிதாக வரவில்லை, எதுவும் போகவும் இல்லை. அதே பதினாறும் அதே வரிசையில் வட்டமாக நிற்கின்றன. ஆரம்பிக்கும் இடம்தான் மாறுகிறது. நான்கு மடங்கில் ஐந்தாவது இலக்கத்தில் ஆரம்பித்து, தலை வாலுக்குப் பின்னால் போய்ச் சேர்கிறது. பதினாறு மடங்கு வரை இப்படியே. பாடு சுற்றுவதும் இதுதான்.

ஆனால் முன்னால் உள்ள பூஜ்யத்துக்கு இடம் விட வேண்டும். அதை எடுத்துவிட்டால் வட்டம் மூடுவதில்லை. இரு மடங்கில் நடுவில் உட்கார்ந்திருக்கும் பூஜ்யம் எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. அது மதிப்பில்லாமல் நிற்பதுபோல் தெரிகிறது. மற்றவர்கள் தங்கள் இடத்தில் நிற்பதே அதனால்தான்.

இதை நாட்டாரிடம் சொல்ல முடியுமா? டீச்சருக்கு மண்டை குழம்பிவிட்டது என்பார்.

ஜனவரி 26, திங்கள்

குடியரசு தினம். கொடி, மிட்டாய். பி.டி. சார் மைக்கில் ஊதி ஊதியே நேரத்தை ஓட்டினார். வெயில் வந்தது, அப்பாடா.

ரயில் தாமதம். அனுப்பம்பட்டு ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து எண்ணைக் குத்திக் கிளறினேன். அதற்குள் ஓர் எண் ஒளிந்திருக்கிறது: 5882353. பெரிய எண் அதனால் மீதியில்லாமல் வகுபடுகிறது. 5882353-ஐ எட்டு ஒன்பதுகள் கொண்ட 99999999-ஆல் பெருக்கினால் நம் எண்தான். அது பகா எண். அதற்கு மேல் உடையாது. சரி, கையாலேயே வெட்டிப் பார்ப்போம் என்று 588, 2353 என்று இரண்டாக்கினேன். இரண்டையும் தனித்தனியே வர்க்கம். 345744. 5536609. கூட்டினேன்.

5882353.

இரண்டாக வெட்டிப்போட்டதைத் தனித்தனியே ஊதிப் பெரிதாக்கிச் சேர்த்தால், வெட்டுவதற்கு முன் இருந்ததே எழுந்து உட்கார்ந்திருக்கிறது. மூன்று முறை போட்டுப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த பூக்காரம்மா, "இன்னாம்மா, வீட்டு நெனப்பா?" என்றாள். ஆமாம் என்றேன்.

ரயிலில் இன்னொன்று. பதினாறையும் எட்டு எட்டாகப் பிரித்து ஒன்றன்கீழ் ஒன்று எழுதினால்:

05882352
94117647

கூட்டினால் எல்லாம் ஒன்பது. ஒவ்வொரு இலக்கத்துக்கும் எதிர்வரிசையில் அதை ஒன்பதாக நிறைக்க ஓர் ஆள். பூஜ்யத்துக்கு எதிரில் ஒன்பதே நிற்கிறது. பூஜ்யம் இல்லாவிட்டால் பதினைந்து. பதினைந்தைச் சரிபாதியாக்க வழியில்லை.

பள்ளியில் கொடுத்த மிட்டாயை அஞ்சலைக்குக் கொண்டுவந்தேன். வாயில் போட்டுக்கொண்டு சிரித்தாள். கார்த்திகைக்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறேன். தேசிங்கு விரும்பிக் கட்டிய பெண். தோணிரேவில் ஏரிக்குள் இடுப்பளவில் நின்று கையால் இறால் தடவிப் பிடித்து வளர்ந்தவள். வந்த புதிதில் எனக்குப் பிடிக்கவில்லை. இப்போது அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

"அண்ணி, புதன்கெழம அவரு பாடு" என்றாள்.

"தெரியும்."

"யாரும் நட மாட்டாங்க இல்ல?"

"பேர் இருக்கிற வரைக்கும் அவனைத் தவிர யாரும் நடக்கூடாது. அதுதான் வழக்கம்."

தலையை ஆட்டிக்கொண்டு போனாள்.

ஜனவரி 29, வியாழன்

அரை நாள் லீவு. காரணம்: தலைவலி. பொய்யில்லை.

நேற்று மத்தியானத்திலிருந்து தேசிங்கு பாடு. பேய், பிசாசு என்று ஊர் பேசுவதை நானே பார்த்துவிடுவது என்று முடிவு. விடியும்போது பழனியைக் கூப்பிட்டேன். அடுத்த பாடு அவனுடையது; எப்படியும் அவன் போயாக வேண்டும். தனியாகப் போகமாட்டான், நான் வருகிறேன் என்றதும் உயிர் வந்தது.

பனி முகத்தில் ஈரமாக அப்பியது. மோட்டார் போடவில்லை, கழி ஊன்றியே தள்ளினான். எங்கோ பூநாரைகள் கத்தின. திடீரென்று பழனி கழியை நிறுத்தினான்.

"தோ."

கம்பு. முதலில் ஒன்று, அப்புறம் வரிசை. கரைப்பக்கம் எட்டு. கணக்கு டீச்சர் எண்ணாமல் இருக்க முடியுமா? வலை இல்லை. தண்ணீர் அசையவில்லை. பனி கொஞ்சம் விலகியது. தூரத்தில் ஓடைப் பக்கம் இன்னொரு வரிசை, கரேலென்று. அங்கேயும் எட்டு. இரண்டும் எதிரெதிரே.

"அந்தாண்ட போ" என்றேன்.

"சத்தியமா மாட்டேன் டீச்சர்."

கரைப்பக்கத்துக் கம்பு ஒன்றைப் பிடித்துப் பார்த்தேன். உச்சியில் ஒரு துணிக் கிழிசல் முடிச்சு. ஊதா, வெள்ளைப் பூ. அஞ்சலையின் நைட்டி. இடது ஓரம் கிழிந்திருக்கிறதே என்று போன வாரம்தான் கேட்டேன். ஆணியில் மாட்டிக்கொண்டது என்றாள்.

எட்டிலும் ஊதாக் கிழிசல். பழனி கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான், கவனிக்கவில்லை. ஒவ்வொன்றாக அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

திரும்பும்போது நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. கூடவே கோபம். பொம்பளை பாட்டில் கம்பு தொட்டாள் என்று தெரிந்தால் ஊர் அவளைச் சும்மா விடாது. அவன் இடம் வெறுமையாகப் போகக்கூடாது என்று தனியாகக் குளிரில் இறங்கியிருக்கிறாள், கிறுக்கி. கையில் கீறல் ஏன் இருக்காது.

வீட்டில் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அவள் அழுவாள், நானும் அழுவேன், நைனா கேட்பார்.

ஜனவரி 31, சனி

பள்ளி பாதி நாள். விடைத்தாள் கட்டு தொடவேயில்லை.

நேற்று பழனி துறையில் இறங்கவில்லையாம். அவன் பாடு வீணாய்ப் போனது. கடைத் தெருவில் ஒருத்தி இன்னொருத்தியிடம்: "பதினேழாவது ஆளு தண்ணிக்குள்ளேர்ந்து மொறய எண்ணிகினு இருக்கானாம்." என்னைப் பார்த்ததும் கத்தரிக்காயைப் பொறுக்க ஆரம்பித்தார்கள்.

அந்த எண்ணைப் பதினேழால் பெருக்கினால் 9999999999999999. பதினாறு இடமும் நிறைந்துவிடுகிறது. சுழற்சி, இடமாற்றம் எல்லாம் அடங்கி ஒரே முகம். அதற்குப் பதினேழு வேண்டும்.

பதினேழு பேரையும் டைப் செய்தேன். ப்ரிண்ட் எடுத்தேன். நாட்டார் கத்தட்டும்.

பிப்ரவரி 1, ஞாயிறு

கோயில் முன்னால் கூட்டம். வெயில் நல்லதாக. நைனாவை ஆட்டோவில் கூட்டிப்போனேன். பெண்கள் ஓரமாக. அஞ்சலை என் முதுகுக்குப் பின்னால்.

நாட்டார் தாளை வாங்கிப் பார்த்தார். "இன்னாம்மா இது, பதினேழு கீது?"

எழுந்து நின்றேன். வகுப்பில் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டேன்.

"கம்பு நட்டது நான்" என்றேன்.

எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். பொம்பளை எப்படிப் பாட்டில் இறங்கலாம், படிச்ச திமிரு, இன்னும் என்னென்னவோ. நான் நிறுத்தவில்லை. "ஆவியும் இல்ல, ஒண்ணும் இல்ல. என் தம்பி எடம் காலியா போறது எனக்குப் பொறுக்கல, நட்டேன். தண்டம் போடுங்க, கட்டறேன். பயந்துபோய்ப் பேர எடுக்கறதா இருந்தா, பயப்பட ஒண்ணும் இல்ல. அவ்வளவுதான்."

பழனி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "அந்தாண்ட வரிச?" என்றான் மெதுவாக.

"அதுவும்தான்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

நைனா கார்த்திகைக்குப் பிறகு முதல்முறையாக ஊருக்கு நடுவில் வாயைத் திறந்தார். "எம் புள்ள பாட்ட யாருக்கும் எழுதிக் குடுக்கல நான்." அவ்வளவே. நாட்டார் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கோயில் விளக்குக்கு ஒரு வருஷம் எண்ணெய் நான் தர வேண்டும். பேர் இன்னும் ஒரு வருஷம் இருக்கும். இனிமேல் எவரும் அந்தப் பாட்டில் கம்பு தொடக்கூடாது.

சீட்டு. பானையில் பதினேழு. பூசாரியின் பேத்தி கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். முதல் சீட்டை நாட்டார் பிரித்தார், பார்த்தார், படிக்காமல் என்னிடம் நீட்டினார்.

தேசிங்கு.

பூஜ்யம் முன்னால். நாளை மத்தியானத்திலிருந்து அவன் பாடு. சிரிப்பதா, என்ன செய்வது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஊதாக் கிழிசல் எட்டையும் அஞ்சலை மடியில் போட்டேன். அவள் அவற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எனக்காவ பொய் சொன்னீங்களா அண்ணி?"

"வேற என்ன பண்ண? இனிமே நட்டே, காலை ஒடிச்சிருவேன்."

"அப்ப அந்தாண்ட வரிச நீங்க இல்லயா?"

நான் அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

"அங்க ரெண்டாள் ஆழம் அண்ணி. படவு இல்லாம நான் எப்டி நடுவேன்? மொத தபா இந்தாண்ட எட்ட நட்டுட்டு நிமிந்து பாக்கறேன், பனில அந்தாண்ட எட்டு நின்னுகினு கீது. நீங்கதான் ஆளு வெச்சி நட்டீங்கன்னு நெனச்சேன். அந்த தெகிரியத்துலதான் அடுத்த தபாவும் போனேன்."

நைனாவைப் பார்த்தேன். அவர் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். இடுப்பைப் பிடித்தபடி.

இன்று பெருக்கல் போடவில்லை. தொடவே பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 3, செவ்வாய்

பள்ளிக்குச் சொல்லவில்லை. சொல்லவும் போவதில்லை.

நேற்று மத்தியானத்திலிருந்து தேசிங்கு பாடு. அஞ்சலையை வாசல்படி தாண்ட விடவில்லை. என் பாயிலேயே படுக்கவைத்து அவள் முந்தானையை என் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டேன். விடியும்வரை சுற்றியபடியே இருந்தது. பழனிக்கு, நாட்டாருக்கு, ஊருக்கு எல்லோருக்கும் பயம், ஒருவரும் போயிருக்கமாட்டார்கள். எதுவும் நிற்காது, எல்லாம் முடியும் என்று சொல்லிக்கொண்டேன். முடிய வேண்டும் என்று நினைத்தேனா, கூடாது என்று நினைத்தேனா, சத்தியமாகத் தெரியவில்லை.

விடிந்து சற்று நேரத்தில் வாசலில் பழனி. "வந்து பாருங்க." அவன் குரலில் பயம் இல்லை. அதுதான் ஒரு மாதிரி இருந்தது.

அஞ்சலையும் வந்தாள். தடுக்கவில்லை.

இன்று பனியே இல்லை. ஏரி முழுக்கத் துலக்கமாக, முகத்துவாரத்து நுரை வரை. கரைப்பக்கம் வெறும் தண்ணீர். ஒரு குச்சிகூட இல்லை. அந்தாண்ட, ஓடைக்குள், எட்டுக் கம்பு. நேராக, ஒரே இடைவெளியில், ஈரம் காயாமல்.

எனக்கு அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. அஞ்சலை தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டாள்.

"பாதிதான் நின்னுகினு கீது அண்ணி. அவரு நமக்காவக் காத்துகினு கீறாரு."

வீட்டுக்கு வந்தால் நைனா முற்றத்தில். எரவானத்தில் செருகியிருந்த தேசிங்கு கம்புகளை எப்படியோ இழுத்துக் கீழே போட்டு, முனையைச் சீவிக்கொண்டிருக்கிறார். எண்ணினேன். எட்டு. அஞ்சலை ஊதாக் கிழிசல்களை ஒவ்வொன்றாக நீவி வைக்கிறாள். பழனி படகைக் கரையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

மத்தியானம் வரை அவன் பாடு. இறங்குகிறோம்.